தீட்டுக்கல்லும் இழைப்புளியும்: ஜப்பானியத் தச்சுக் கலையில் கூர்தீட்டலின் வரலாறு

ஜப்பானியக் கட்டடக் கலையில், குறிப்பாக ஷிந்தோ ஆலயங்கள் பலவற்றிலும் தேநீர்க் கூடங்களிலும் மரபுவழி வீடுகளிலும், தூண்கள், உத்தரங்கள், கூரையடிப் பலகைகள் ஆகியவற்றின்மேல் வண்ணமோ வார்னிஷோ பூசாமல் மரத்தை அதன் இயல்பான நிறத்திலேயே விட்டுவிடுவது நெடுங்கால வழக்கமாகும். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் முறைக்கும் அவ்வேலையில் இடமில்லை. இழைப்புளி கடைசியாக ஒருமுறை கடந்துபோன பரப்பே முடிவான பரப்பாக நிற்கிறது. கூரிய அலகால் சீராக வெட்டப்பட்ட மர இழைகள் ஈரத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை என்பதும், தேய்த்த பரப்பில் கிழிந்து நிற்கும் நுண்ணிழைகள் மழைநீரைப் பிடித்துவைத்து மரத்தைக் கருக்கச் செய்யும் என்பதும் அந்நாட்டுத் தச்சர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் பட்டறிவு. குறையை மறைக்கப் பூச்சு எதுவும் வராத இத்தகைய வேலையில், கட்டடத்தின் தோற்றமும் ஓரளவுக்கு அதன் ஆயுளும் அலகின் கூரைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே ஜப்பானிய இழைப்புளியின் வரலாற்றை எழுதப் புகுபவர் அதன் மரக்கட்டையைவிட, அலகைத் தீட்டிய கல்லையே முதலில் நோக்க வேண்டியிருக்கிறது. அந்த அலகின் தடிப்பு, அதில் இரும்பும் எஃகும் சேர்ந்துள்ள முறை, அதன் ஒரு முகத்தில் குடையப்பட்டுள்ள பள்ளம் ஆகிய யாவும் கையால் கல்லில் தீட்டப்படுவதற்கு ஏற்றவாறு அமைந்தவை என்பது அவ்வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் விளங்கும்.

இழைப்புளி ஜப்பானுக்குக் காலந்தாழ்த்தி வந்த கருவியாகும். 7-ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவையும், இன்று நிலைத்து நிற்கும் மரக்கட்டடங்களுள் உலகிலேயே மிகப் பழையனவாக எண்ணப்படுபவையுமான ஹோரியூஜி கோயில் கட்டடங்கள் இழைப்புளியின் உதவியின்றி எழுந்தவை. வாச்சியால் செதுக்கிய பரப்பை நயமாக்க அக்காலத் தச்சர்கள் கையாண்ட கருவிக்கு யாரிகன்னா என்று பெயர். நீண்ட மரப்பிடியின் நுனியில் ஈட்டிமுனை வடிவில் பொருத்தப்பட்டு, சற்றே மேல்நோக்கி வளைந்து, இருபுறமும் கூருடன் விளங்கும் சிறிய அலகு அது. இரு கைகளாலும் பற்றி அதை மரத்தின்மேல் செலுத்தும்போது சுருண்ட சீவல்கள் கழன்று விழ, பரப்பில் ஆழமற்ற நீள்குழிகள் அலையலையாகப் படியும். நாராவிலுள்ள ஷோசோயின் கருவூலம் 8-ஆம் நூற்றாண்டின் பிற பொருள்களோடு இக்கருவிகளையும் இன்றுவரை காத்துவருகிறது. வளைந்த முனையுடைய யாரிகன்னாவைத் தட்டையான கல்லில் ஒரே நிலையில் வைத்துத் தீட்ட இயலாது; அலகின் வளைவைப் பின்தொடர்ந்து கை நகர வேண்டும். ஆயினும் கூரில் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தால் அது குழிகளின் அலையோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுமாதலால், அணுவளவும் வளையாத நேர்க்கூர் என்னும் தேவை அக்காலத்தில் எழவில்லை.

அத்தேவை ஒரு ரம்பத்தின் வருகையால் எழுந்தது. 14, 15-ஆம் நூற்றாண்டுகளுக்கு முன்பு ஜப்பானில் பலகையும் விட்டமும் பெரும்பாலும் அறுக்கப்படவில்லை. அடிமரத்தில் உளியும் ஆப்பும் இறக்கி, மரத்தின் ஓட்டத்தை ஒட்டியே பிளந்தனர். இவ்வாறு பிளப்பதற்கு நேரான ஓட்டமும் கணுவற்ற உடலும் கொண்ட ஹினோகி என்னும் சைப்ரஸ் வகை மரமும், சுகி என்னும் தேவதாரு போன்ற மரமுமே ஏற்றவை. நூற்றாண்டுக் கணக்கில் கோயில்களுக்கும் தலைநகரங்களுக்கும் வெட்டப்பட்டதால் அத்தகைய முதுமரங்கள் அருகிவந்த காலத்தில், சீனாவிலிருந்து ஓகா என்னும் இருவர் இழுக்கும் சட்டரம்பம் வந்து சேர்ந்தது. அடிமரத்தை நீளவாக்கில் அறுக்க வல்ல அந்த ரம்பத்தால், பைன் போன்ற முறுக்கோடிய மரங்களும், கெயாகி என்னும் கடினமான, ரேகை அழகு மிக்க மரமும் பலகைகளாயின. ஆனால் அறுத்த பரப்பு பிளந்த பரப்பைப் போன்றதன்று. அதில் ரம்பப் பற்களின் தடம் முழுவதும் இருக்கும், மரத்தின் ஓட்டமும் ஓரிடத்தில் மேலேறி மற்றோரிடத்தில் கீழிறங்கிக் குறுக்கிடும். அதைச் சமதளமாக்க யாரிகன்னாவால் முடியவில்லை. கட்டைக்குள் அலகைச் செருகி, கட்டையின் அடிப்பரப்பையே அளவுகோலாகக் கொண்டு இழைக்கும் கருவி, அதாவது இன்று கன்னா என வழங்கும் இழைப்புளி, இந்த இடைவெளியை நிரப்பவே ஆசியப் பெருநிலத்திலிருந்து 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அங்குப் பரவியது.

சீன இழைப்புளியின் அமைப்பை 1637-இல் சோங் யிங்ஷிங் வெளியிட்ட தியான்கோங் கைவூ என்னும் தொழில்நுட்பக் களஞ்சியம் விவரிக்கிறது. சிறிய இரும்பு அலகில் எஃகு பதித்துக் கூராக்கி, அது கட்டையின் வாயில் சாய்வாக மிகச் சிறிதே வெளிப்படும்படி அமைத்தனர் என்பது அதிலிருந்து தெரியவருகிறது. சீனத் தச்சர், குறுக்காகச் செருகிய கைப்பிடியைப் பற்றி இழைப்புளியைத் தமக்கு எதிர்ப்புறமாகத் தள்ளினார்; தமிழ்நாட்டுத் தச்சர் தள்ளுவதும் அவ்வாறே. ஜப்பானில் மட்டும் கைப்பிடி மறைந்து, கட்டை தட்டையாகி, கருவி தன்னை நோக்கி இழுக்கப்படுவதாக மாறியது. இழுக்கும் வேலைக்கு மெல்லிய, தாழ்ந்த கட்டையே வசதி என்பதால் அலகும் ஐரோப்பாவில் வழக்கமான 45 பாகையைவிடப் படுத்து, பெரும்பாலும் 39 பாகையை ஒட்டிய சாய்வில் அமர்ந்தது. அலகை இறுக்க ஆப்புத் தேவைப்படவில்லை. மேற்பகுதி தடித்தும் கூர்ப்பக்கம் மெலிந்தும் அடிக்கப்பட்ட அலகே ஆப்பாகி, கட்டையின் இருபக்கக் காடிகளில் தானே இறுகிக்கொண்டது.

கட்டையைவிட வியப்புக்குரியது அலகின் உள்ளமைப்பு. ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலமும் மேற்பகுதியில் ஒரு சென்டிமீட்டரை நெருங்கும் தடிப்பும் உடைய அந்த அலகின் பெரும்பகுதி மென்மையான தேனிரும்பாகும். கரி மிகக் குறைந்த, இழையோட்டமுள்ள, எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாத இரும்பையே தேனிரும்பு என்பர். அதன் ஒரு முகத்தில், கூர் அமையும் பகுதியில் மட்டும், சில மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகடு உலைச் சூட்டில் அடித்து ஒட்டப்படும். கொல்லர் இவ்விரண்டையும் ஒட்டிய பின் தண்ணீரில் தோய்த்தால் எஃகு கண்ணாடியின் கடினத்தை எட்ட, இரும்பு பழைய மென்மையிலேயே நின்று அதைத் தாங்கும். எஃகு அரிதாகவும் விலையுயர்ந்ததாகவும் இருந்த காலத்தில் சிக்கனம் கருதியே இவ்வாறு செய்தனர் என்று கூறுவது எளிது. ஐரோப்பாவிலும் இரும்பில் எஃகு ஒட்டிய அலகுகளே நெடுங்காலம் வழங்கின என்பதும் உண்மை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் எஃகு மலிந்தபோது மேற்கில் அலகு முழுதும் எஃகாலான மெல்லிய தகடாக மாறிவிட, ஜப்பானில் மட்டும் ஒட்டு அலகு மாறாமல் நீடித்ததற்குச் சிக்கனம் காரணமாக இருக்க முடியாது. காரணம் தீட்டுக்கல்லில்தான் இருக்கிறது. ஐரோப்பியத் தச்சுக்கூடத்தின் மூலையில் நின்ற சுழலும் சாணைச் சக்கரம் ஜப்பானியத் தச்சரிடம் இருக்கவில்லை; அவர் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு வாளித் தண்ணீரையும் சில தட்டைக் கற்களையும் வைத்துக்கொண்டு, நாளுக்குப் பலமுறை அலகைக் கையால் தீட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு கடினமான எஃகு ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்கு இருந்தால் கையால் தீட்டி மாளாது. கல்லில் படும் சாய்வுமுகத்தில் எஃகு மெல்லிய கோடாகவும் மீதியெல்லாம் மெத்தென்ற இரும்பாகவும் இருப்பதால்தான் அகன்ற முகம் கல்லில் ஆடாமல் படிந்து நிற்கிறது, வேலையும் விரைவில் முடிகிறது.

அலகின் மறுமுகத்திலும் இதே எண்ணம் தெரிகிறது. கூர் என்பது இரண்டு சமதளங்கள் சந்திக்கும் கோடு. ஆகவே சாய்வுமுகத்தைப் போலவே எஃகு முகமும் பிழையின்றித் தட்டையாக இருக்க வேண்டும். அகன்ற எஃகுப் பரப்பு முழுவதையும் தட்டையாக்குவது மிகக் கடினம் என்பதால், கொல்லர் அதன் நடுப்பகுதியை ஆழமின்றிக் குடைந்துவிட்டு, ஓரங்களில் மட்டும் மெல்லிய கரை நிற்கச் செய்தார். உரா எனப்படும் இப்பள்ளத்தின் பயனாக, கல்லில் படுவது குறுகிய கரை மட்டுமே. ஆனால் தீட்டத் தீட்டக் கூர் பின்வாங்கிப் பள்ளத்தின் விளிம்பைத் தொடும் நாள் வரும். அப்போது கூர்க்கோட்டின் நடுவே பிளவு விழும். இந்நிலைக்குத் தச்சர்கள் கண்ட தீர்வு துணிச்சலானது. அலகின் எஃகு முகத்தைச் சிறு பட்டடையின் விளிம்பில் அமர்த்தி, சாய்வுமுகத்தில் எஃகுக்கோட்டுக்கு மேலேயுள்ள மென்னிரும்பின்மீது சுத்தியலின் மூலையால் மெல்ல, வரிசையாக, பலமுறை தட்டுவர். இரும்பு அமுங்கிப் பரவ, அதனோடு ஒட்டிய எஃகு மறுபுறம் மயிரளவு புடைக்கும். புடைத்த பகுதியைத் தேய்த்துச் சமன் செய்தால் கூருக்குப் பின்னே புதிய கரை பிறக்கும். ஓர் அடி தவறி எஃகின்மேல் விழுந்தால் அலகு விரிந்துபோகும், பின்பு அதற்கு மருந்தில்லை. மென்னிரும்பு இல்லாத முழு எஃகு அலகில் இந்தச் சிகிச்சையை எண்ணிப் பார்க்கவும் முடியாது என்பதைக் கருதினால், கொல்லரின் உலையும் தச்சரின் கல்லும் ஒன்றையொன்று அறிந்தே வளர்ந்தன என்பது உறுதிப்படும்.

புடைத்த எஃகைச் சமன் செய்யத் தட்டையான இரும்புப் பலகையும் அதன்மேல் தூவும் கடினமான மணலும் பயன்பட்டன. வைரமணல் என்று பொருள்படும் கொங்கோஷா என்னும் பெயரால் வழங்கிய அம்மணல் முற்காலத்தில் நாராவுக்கும் ஒசாகாவுக்கும் இடையேயுள்ள நிஜோ மலைப் பகுதியில் கிடைக்கும் கார்னெட் மணிகளாக இருந்தது. அணிமணிகளை மெருகூட்டவும் அதே மணல் உதவியது. அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் 1891-இல் மின்னுலையில் சிலிக்கன் கார்பைடை உண்டாக்கிய பின், அந்தச் செயற்கை மணலும் அதே பெயரால் ஜப்பானியத் தச்சரின் கைக்கு வந்தது.

தீட்டுக்கற்களின் உலகம் இதனினும் விரிந்தது. கூர்தீட்டல் மூன்று படிகளில் நடந்தது. மழுங்கிய அல்லது விரிந்த கூரைச் சீராக்கச் சொரசொரப்பான மணற்கல். அதன் தடங்களை அழிக்க நடுத்தரக் கல். இறுதியாகக் கூரை நிறைவு செய்ய மிக நுண்ணிய கல். நடுத்தரக் கற்களுக்குக் கியோட்டோவுக்கு மேற்கேயுள்ள கமேயோகாவின் நீலச் சாம்பல் நிறக் கல்லும், தெற்கே கியூஷுவை ஒட்டிய அமாகுசா தீவுகளின் வெளிர்நிறக் கல்லும் பேர்பெற்றவை. அமாகுசாக் கல்லின் வரலாறு தனிச் சுவையுடையது. முதலில் தீட்டுக்கல்லாகவே வெட்டி எடுக்கப்பட்ட அது, பின்னர் பொடித்துப் பீங்கான் செய்வதற்கு மிகச் சிறந்த மூலப்பொருள் என அறியப்பட்டது. பல்துறை அறிஞரான ஹிராகா கென்னாய் 1771-இலேயே அதன் பீங்கான் தகுதியைப் புகழ்ந்து எழுதினார். நடுத்தரக் கல்லுக்கு இவ்வாறு பல ஊர்கள் போட்டியிட்டாலும், நிறைவுக் கல் என்றால் அது கியோட்டோவின் வடமேற்கு மலைகளையே குறித்தது.

நாருதாகி, உமேகஹதா, தகாவோ, அதாகோ மலையடிவாரம் ஆகிய இடங்களில் மெல்லிய அடுக்குகளாகக் கிடந்த அந்தக் கல்லின் சுரங்க மேற்பார்வை உரிமையை, காமகுரா ஆட்சியை நிறுவிய மினமோட்டோ யோரிடோமோ 1190-இல் ஹொன்மா குடும்பத்துக்கு வழங்கினார் என்பது அத்தொழிலினரிடையே வழங்கும் மரபுச் செய்தியாகும். அந்தக் கல்லை முதலில் மதித்தவர்கள் வாள் மெருகிடுவோர். வாள்களை மதிப்பிட்டு மெருகூட்டும் ஹொனாமி குடும்பம் வாழ்ந்த நகரும் கியோட்டோவே. கடினமான எஃகையும் மென்மையான இரும்பையும் ஒரே வீச்சில் தேய்த்து, எஃகைப் பளிச்சென்றும் இரும்பை மங்கலாகவும் காட்டும் ஆற்றல் அந்தக் கல்லுக்கு இருந்ததால், இரும்பும் எஃகும் கலந்த வாளுக்கு அது பொருந்தியது போலவே பிற்காலத்தில் ஒட்டு அலகுடைய இழைப்புளிக்கும் பொருந்தியது.

இந்தக் கல் ஏன் கியோட்டோ மலைகளில் மட்டும் இவ்வளவு நுண்மையுடன் கிடைத்தது என்பதற்கு நிலவியலாளர் தரும் விடை பெருவியப்பானது. ரேடியோலேரியா என்னும் ஓருயிரணு உயிர்களின் சிலிக்கா ஓடுகள் ஆழ்கடல் தரையில் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து சர்ட் என்னும் கடினப் பாறையாக இறுகுவது வழக்கம். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் முடிவில், உலக உயிரினங்களில் பெரும்பாலானவை அழிந்தபோது ரேடியோலேரியாக்களும் பெரிதும் குன்றின. ஓடுகளின் மழை நின்றுபோன அக்கடலடியில், கரையிலிருந்து நெடுந்தொலைவு வந்து மிதந்திறங்கிய நுண்களிமண்ணும் மிகச் சிறிய குவார்ட்ஸ் துகள்களும் மட்டுமே மெல்லப் படிந்தன. டிரையாசிக் காலத் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தச் சிலிக்காக் களிப்பாறை, நிலத்தட்டுகளின் நகர்வால் பல கோடி ஆண்டுகளுக்குப் பின் இன்றைய ஜப்பானின் விளிம்பில் ஒட்டி மலையாக எழுந்தது. ஜப்பானிய நிலவியலாளர் இப்பாறை வகைக்குத் தீட்டுக்கல்லின் பெயரையே இட்டுள்ளனர். உயிர்ப் பேரழிவின் பின் நிலவிய அமைதியில் படிந்த ஒரு மெல்லிய அடுக்குதான் வாளுக்கும் இழைப்புளிக்கும் கடைசிக் கூரைத் தந்தது என்பதை அக்காலத் தச்சர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் அடுக்குக்கு அடுக்கு கல்லின் குணம் மாறும் என்பதையும், அருகருகே உள்ள இரண்டு அடுக்குகளில் ஒன்று மென்மையாகவும் மற்றொன்று இறுகியும் இருக்கும் என்பதையும் அவர்கள் விரல்நுனியால் நன்கறிந்திருந்தனர்.

கல்லில் எண்ணெய் இடுவதா, தண்ணீர் இடுவதா என்பதும் நிலத்துக்கு நிலம் வேறுபட்ட மரபு. ரோமானிய அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் 36-ஆம் பகுதியில், எண்ணெய் வேண்டும் கிரீட்தீவுக் கற்களையும் தண்ணீரில் சிறக்கும் நாக்சோஸ் தீவுக் கற்களையும் தனித்தனியே வகைப்படுத்தியதோடு, நாவிதர் கடைகளில் எச்சிலால் தீட்டப்படும் கற்களையும் குறிப்பிடுகிறார். பிற்கால அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து நோவாகுலைட் கல் எண்ணெயோடு புகழ்பெற்றது. ஜப்பானியக் கற்களோ முற்றிலும் தண்ணீருக்குரியவை. அவை எளிதில் தேய்ந்து சேற்றுக் குழம்பைத் தரும். அந்தக் குழம்பே உண்மையில் எஃகைத் தீட்டுகிறது. கடினமான நிறைவுக் கல்லில் குழம்பு எளிதில் எழாதபோது, மிகாவா பகுதியிலிருந்து வந்த நாகுரா என்னும் சிறு கல்லை அதன்மேல் தேய்த்துக் குழம்பு உண்டாக்குவர். தண்ணீர் பக்கவாட்டில் ஊறி அடுக்குகளைப் பிளந்துவிடாதிருக்கக் கல்லின் பக்கங்களில் அரக்குப் பூசுவதும் உண்டு.

தீட்டும் செயலை அருகிருந்து நோக்கினால் கல்லின் பங்கு இன்னும் விளங்கும். அலகின் சாய்வுமுகத்தைக் கல்லில் முழுதும் படியவைத்து, கையின் உயரம் மாறாமல் முன்னும் பின்னும் செலுத்தும்போது, கை சற்றே ஏறி இறங்கினாலும் சமதளமாக இருக்க வேண்டிய முகம் உருண்டுவிடும். உருண்ட முகம் அடுத்த கல்லில் எங்குப் படுகிறது என்பதை எவராலும் கணிக்க முடியாது. நடுத்தரக் கல்லில் வேலை முடியும் தறுவாயில் எஃகு முகத்தின் ஓரத்தில், இடமிருந்து வலம்வரை, விரலால் மட்டுமே உணரத்தக்க மெல்லிய பிசிறு எழ வேண்டும். ஓரிடத்தில் அது எழாவிட்டால் அவ்விடத்தில் கூர் இன்னும் பிறக்கவில்லை என்று பொருள். நிறைவுக் கல்லில் இரு முகங்களையும் மாற்றி மாற்றித் தீட்ட, பிசிறு தேய்ந்து அற்றுப்போகும். தண்ணீர் வற்றும்போது தட்டையான முகமும் தட்டையான கல்லும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதைக் கை உணரும். அதே வேளையில் கல்லும் நடுவில் தேய்ந்து குழிவதால், அலகைத் தீட்டும் நேரத்துக்கு ஈடாகக் கல்லைத் தட்டையாக்கவும் நேரம் செலவிட வேண்டியிருந்தது. குழிந்த கல்லில் நேர்க்கூர் என்றும் பிறக்காது.

எதிர் ஓட்டமுள்ள மரத்தை இழைக்கும்போது அலகுக்கு முன்னே மரம் பிளந்து, செதில் பிய்ந்து சிராய் எழுவதே இழைப்பு வேலையின் தீராத இடர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஜப்பானிய இழைப்புளியில் ஒரே அலகுதான் இருந்தமையால், இவ்விடரைத் தடுக்கத் தச்சரிடம் இருந்த வழிகள் மூன்றே: கட்டையின் வாயைக் குறுக்குவது, சீவலை மெல்லியதாக்குவது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கூரை உச்சத்தில் வைத்திருப்பது. கூர்தீட்டலில் அந்நாட்டுத் தச்சர் அடைந்த தேர்ச்சிக்கு அழகுணர்ச்சி ஒரு காரணம் என்றால், இந்த ஒற்றை அலகின் கட்டாயம் அதனினும் பெரிய காரணம் என்றே கொள்ள வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மெய்ஜி காலத்தில் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, 1876-இல் பிறப்பிக்கப்பட்ட வாள் தடை ஆணை. பொது இடத்தில் வாள் அணிவது தடுக்கப்பட்டதும் வாட்கொல்லர் பலர் பிழைப்பிழந்து, உளியும் இழைப்புளி அலகும் கத்தியும் அடிக்கத் தொடங்கினர். வாட்கொல்லர் மரபில் 1874-இல் பிறந்து 1957-இல் மறைந்த டோக்கியோவின் சியோசுரு கொரேஹிடே, இழைப்புளி அலகை வாளுக்கு நிகராக மதிக்கச் செய்தவராகப் போற்றப்படுகிறார். ஏற்கெனவே, 1578 முதல் 1580 வரை நீடித்த முற்றுகையால் அழிந்து, பின் படைத்தலைவர் ஹிடேயோஷியின் ஆதரவில் மீண்டெழுந்தபோது தச்சரும் கொல்லரும் திரண்ட மிகி நகரம், இக்காலத்தில் தச்சுக் கருவிகளின் பெருஞ்சந்தையாகத் திகழ்ந்தது.

இரண்டாவது மாற்றம் எஃகில் நேர்ந்தது. ஆற்றுமணலிலும் மலைமணலிலும் கிடைத்த இரும்புத் துகளை ததாரா என்னும் களிமண் உலையில் கரியோடு எரித்துப் பெற்ற உள்நாட்டு எஃகு, தரத்தில் கட்டிக்குக் கட்டி வேறுபட்டது. அதைப் பலமுறை மடித்து அடித்தே சீராக்க முடியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் கண்ட மூசை முறையால் வார்க்கப்பட்ட எஃகோ முழுதும் ஒரே சீரானது. அவ்வகை எஃகு ஜப்பானுக்கு இறக்குமதியாகி, 1905-இன் கடற்போர் வெற்றிக்குப் புகழ்பெற்ற டோகோவின் பெயரையே வணிகப் பெயராகவும் தாங்கி, கொல்லர்களிடம் பெருமதிப்புப் பெற்றது. ததாரா உலைகள் 1920-களில் வணிக அளவில் அணைந்தன. அந்த மரபின் நிலத்திலேயே, ஷிமானே மாவட்டத்தின் யாசுகியில், புதிய எஃகு எழுந்தது. உறையிட்ட தாளின் நிறத்தால் வெள்ளை எனவும் நீலம் எனவும் வழங்கும் அந்த எஃகு வகைகளில், வெள்ளை ஏறத்தாழ இரும்பும் கரியும் மட்டுமே. நீலத்தில் டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்துள்ளன. நீலம் நீண்ட நேரம் கூர் தாங்கும், ஆனால் கல்லில் பிடிவாதம் காட்டும். வெள்ளை விரைவில் தீட்டப்பட்டு மிக நுண்ணிய கூரை ஏற்கும். இவ்விரண்டில் எது சிறந்தது என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை; எளிதில் தீட்ட முடிவதையும் எஃகின் தகுதியாக எண்ணும் தச்சர்கள் இருக்கும்வரை அது ஓயவும் ஓயாது. மென்னிரும்பும் வெளியிலிருந்து வந்தது. மேலைநாட்டுக் கப்பல்களின் பழைய நங்கூரச் சங்கிலிகளும் பாலங்களின் இரும்பும் சிறந்த தேனிரும்பாக இருந்ததால் கொல்லர்கள் அவற்றைத் தேடி வாங்கினர். இங்கிலாந்திலேயே தேனிரும்பு உற்பத்தி 1970-களில் நின்றுவிட்டதால், சேமித்துவைத்த பழைய இரும்பு இன்று அரும்பொருளாகிவிட்டது.

மூன்றாவது மாற்றம் இரண்டாம் அலகு. முதன்மை அலகின்மேல் அதன் கூருக்கு மிக அருகே மற்றொரு சிறு தகட்டை அமர்த்தினால், எழும் சீவல் உடனே மடங்கி முறிந்துவிடுவதால் மரம் முன்கூட்டிப் பிளப்பதில்லை. மேற்கில் 18-ஆம் நூற்றாண்டிலேயே பரவிய இவ்வமைப்பை ஃபிலடெல்பியாவில் 1767-இல் வெளியான கருவி செய்வோர் ஒருவரின் விளம்பரம் குறிப்பிடுகிறது. ஜப்பானில் அது மெய்ஜி காலத்தில்தான் வேரூன்றியது. அதனால் ஓட்டம் மாறும் மரத்தை இழைப்பது பெரிதும் எளிதாயிற்று. பிற்காலத்தில் யமகட்டா பல்கலைக்கழகத்தில், சீவல் எழுவதை மிக அருகில் படம்பிடித்துச் செய்த ஆய்வு, மேல்தகடு கூரிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே விலகி நின்றால்தான் முழுப்பயன் கிட்டும் என்பதைக் காட்டியது. அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு தகடுகளும் ஒளி புகாமல் பொருந்த வேண்டுமாதலால், தச்சர் தீட்ட வேண்டிய கூர் ஒன்றுக்கு இரண்டாயிற்று. தீட்டும் வேலை இதனால் குறையவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலம் தீட்டுக்கல்லின் இடத்தையே அசைத்தது. சிலிக்கன் கார்பைடையும் அலுமினியம் ஆக்சைடையும் அளவிட்டுக் கலந்து செய்த செயற்கைக் கற்கள், இத்தனை எண் என்று நுண்மை குறிக்கப்பட்டு, மலிவாகவும் ஒரே சீராகவும் கிடைத்தன. கியோட்டோவின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1958-இல் மகிதா நிறுவனம் ஜப்பானின் முதல் மின் இழைப்புளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் பெரிய இழைப்பு எந்திரங்களும், மழுங்கினால் எறிந்துவிட்டுப் புதிது மாட்டும் அலகுகளும், ஆலையிலேயே அளந்து வெட்டிவரும் வீட்டு மரங்களும் வந்தன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1980-இல் 9 லட்சத்துக்கும் மேலிருந்த தச்சர்களின் தொகை 2020-இல் ஏறத்தாழ 3 லட்சமாகக் குறைந்தது. எந்திரத்தின்மேல் பழி சொல்வது எளிது; ஆனால் மலிவான செயற்கைக் கல் இல்லாதிருந்தால் எஞ்சிய தச்சர்களிடத்திலும் கைத்தீட்டல் பிழைத்திருக்குமா என்பது ஐயமே.

கோயில் தச்சர்களிடையே மட்டும் கூர்தீட்டல் கல்வியின் முதற்பாடமாகவே நீடித்தது. ஹோரியூஜியின் தலைமைத் தச்சராக விளங்கியவரும், 1981-இல் நிறைவெய்திய யாகுஷிஜி மேற்குக் கோபுரத்தின் மீட்டமைப்பை வழிநடத்தியவருமான நிஷியோகா ட்சுனேகாசு, 1969-இல் தம்மிடம் சேர்ந்த ஒகாவா மிட்சுவோவுக்கு முதலாண்டில் இட்ட கட்டளை, செய்தித்தாளும் தொலைக்காட்சியும் தவிர்த்துக் கருவிகளைத் தீட்டப் பழகுவது மட்டுமே. விளக்கம் எதுவும் தராமல் ஒருமுறை தாமே இழைத்து ஒரு சீவலைக் காட்டினார் அவர். மாணவர் அந்தச் சீவலைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து, தம் இழைப்புளியிலிருந்தும் அத்தகைய சீவல் வரும்வரை தீட்டிக்கொண்டே இருந்தார். ஒகாவா 1977-இல் நிறுவிய இகாருகா கோஷா என்னும் தச்சர் குழுவிலும், புதிதாகச் சேர்வோர் சமையலும் கூட்டிப்பெருக்கலும் செய்துகொண்டு, மாலை வேளைகளில் கூர்தீட்டப் பழகுவதே வழக்கமாயிற்று. வாயால் சொல்லிக் கற்பிக்க முடியாத ஒன்றைச் சீவலின் மூலம் காட்டிய இம்முறையைப் பழமைவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. கூர் சரியாக இருந்ததா என்பதற்குச் சீவலைவிட நேரான சான்று இல்லை.

அந்தச் சான்றையே போட்டியாக ஆக்கியது, 1997-இல் தொடங்கப்பட்ட கெசுரோகாய் என்னும் அமைப்பு. தச்சரும் கொல்லரும் கட்டை செய்வோரும் கல் விற்போரும் கூடும் அதன் கூட்டங்களில், நீண்ட ஹினோகி மரத்தின் ஒருமுனை முதல் மறுமுனைவரை அறுபடாமல் எடுத்த சீவலின் தடிப்பை நுண்ணளவியால் அளக்கின்றனர். தலைமுடியின் தடிப்பு 70 மைக்ரானை ஒட்டியது என்றால், தேர்ந்தவர்களின் சீவல் 3 முதல் 5 மைக்ரானுக்குள் அடங்கும். வீடு கட்ட இவ்வளவு மெல்லிய சீவல் தேவையில்லை என்னும் குறைகூறல் நியாயமானதே. ஆயினும் கட்டடப் பணியிடத்தில் தனித்தனியே வேலைசெய்து பழகியவர்கள், எந்த எஃகு எந்தக் கல்லுக்கு இணங்கும், எந்த அடுக்கிலிருந்து வெட்டிய கல் எவ்வளவு நுண்மையான கூரைத் தரும் என்பதை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பேச அத்தகைய வேறு களம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. செயற்கைக் கல்லில் தொடங்கி நிறைவுக்கு மட்டும் கியோட்டோக் கல்லை எடுப்போர் இன்றும் உண்டு. பெரும்பாலான சுரங்கங்கள் மூடிவிட்டதால், முன்பு வெட்டி எடுத்து இருப்பில் கிடந்த கற்களே இப்போது அவர்களிடையே கைமாறுகின்றன.